காணாக்கடி

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. கடையில் காராச்சேவு டின்கள் எல்லாம் காலி. மாமா முகத்தில் சிரிப்பு. சாத்தூரில் மழை பெய்தால் ஊரே வெளியே வந்து வேடிக்கை பார்க்கும். இந்த வருஷம் நிற்கவே இல்லை. கொடியில் ஒரு துணி காயவில்லை.

நேற்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் என் துண்டு சொதசொதவென்று கிடந்தது. மாமா தன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை உருவி என் மேல் போட்டார்.

"இத வச்சுத் தொடைங்க மாப்ள. மாமனார் துண்டுதான, மாத்தான் துண்டா?"

ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியில் எங்கள் பிரிவை மூடிய கையோடு, மனைவி செல்வக்கனியின் பிரசவத்துக்கு என்று இங்கே, அவள் பிறந்த வீட்டுக்கு வந்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இத்தனை நாளில் மாமா என்னிடம் காட்டிய பெரிய பிரியம் அந்தத் துண்டுதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

இடுப்பில் அரிப்பு. மழைக்கு எறும்பு ஏறியிருக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

எறும்பு இல்லை.

குளியலறைக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். இடது இடுப்பில், ஜட்டியின் எலாஸ்டிக் பதிகிற இடத்தில், ஒரு ரூபாய் அளவில் வட்டம். ஓரம் மட்டும் சிவந்து, தடித்து, பொடிப் பொடியாகச் செதில். நடுவில் ஒன்றுமே நடக்காதது போலத் தோல் சாதாரணமாக இருக்கிறது. கீழே தொடை இடுக்கில் இன்னொன்று. அதன் அளவை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

வேர்த்தால் அரிப்பு அதிகம். நானோ நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கும் கல்லாவுக்கும் நடுவில் நிற்கிறவன். சேவு கட்டிக்கொண்டிருக்கும்போது சொறியவும் முடியாது. ஆள் பார்த்தால் அப்புறம் யார் சேவு வாங்குவார்கள்?

இந்த வீட்டில் இன்னொரு சங்கதி உண்டு. மொட்டைமாடி பஜாருக்குத் தெரிகிறது என்று மாமா போட்ட சட்டம்: உள்ளாடை எதுவும் மாடிக் கொடிக்குப் போகக்கூடாது. ஆண், பெண் எல்லாருடையதும் மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்பியில் தொங்கும். மேலே ஒரு பழைய போர்வை. "மானம் மருவாதி உள்ள குடும்பம் மாப்ள." என் ஜட்டி சூரியனைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த மழையில் அது காய்வதும் இல்லை. காலையில் ஈரத்தோடுதான் மாட்டிக்கொண்டு போகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

இன்று முத்துவிஜயனை மாமா வேலையை விட்டு அனுப்பிவிட்டார். பத்து வருஷமாக நம் கடையில் எண்ணெய்ச் சட்டி மேல் மாவைத் தேய்த்துச் சேவு போடுகிறவர். புறங்கையில் சொறி மாதிரி ஏதோ. அது சுண்ணாம்பு பட்டது என்கிறார் அவர். மாமா கேட்கவில்லை.

"திங்கிற பண்டம் போடுற எடம். ஒடம்புல ஒரு பொட்டு இருந்தாலும் எனக்கு ஆவாது. அவன் இவன்னு பாக்க மாட்டேன்."

சொல்லும்போது என்னைப் பார்த்தாரோ என்று ஒரு சந்தேகம். சொல்லி முடித்ததும் எழுந்து குடோனுக்குள் போய்விட்டார். இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே எழுந்து குடோனுக்குப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது பவுடர் வாசனை கமகமக்கிறது. இந்த வயதில் என்ன பவுடரோ!

வீட்டுக்குள்ளும் இனி பனியன் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நவம்பர் 8, சனி

சாத்தூரில் மருந்து வாங்கினால் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். கோவில்பட்டிக்கு டின் வாங்கப் போன சாக்கில் ஒரு மெடிக்கலில் நுழைந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா நகரும் வரை இருமல் மிட்டாய் விலை கேட்டுக்கொண்டு நின்றேன்.

இடத்தைச் சொன்னதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய எங்கயும் போனீகளாண்ணே?"

"வெளியன்னா?"

"அதாம்ணே..." என்று சிரித்தார். "இல்லன்னா சரி. இத ஒரு வாரம் போடுங்க. பட்டுனு அமுங்கிரும்."

ட்யூபை வாங்கி பேண்ட் பாக்கெட்டில் செருகினேன். அந்தச் சிரிப்பைத்தான் எங்கே செருகுவது என்று தெரியவில்லை. முன்பின் தெரியாதவனே இப்படி நினைத்தால் செல்வக்கனி என்ன நினைப்பாள்? அவளைப் பெற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? "உக்கார வச்சுச் சோறு போட்டதுக்கு..." என்று அத்தை சொல்லாமல் சொல்லும் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

நவம்பர் 12, புதன்

அமுங்கிவிட்டது! சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. கடைக்காரர் வாயில் சர்க்கரை போட வேண்டும். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட் வரை போய் ரயில் காட்டிவிட்டு வந்தேன். பனியன்கூடப் போடவில்லை.

நவம்பர் 19, புதன்

ட்யூபை நிறுத்தினேன். வந்துவிட்டது. போனது இரண்டு, வந்தது நாலு. இப்போது வட்டமாகவும் இல்லை. ஓரம் எது, நடு எது என்று புரியாமல் இடுப்பு முழுக்கத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறது. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. மறுபடியும் அதே ட்யூப். வேறு என்ன செய்ய?

பாயை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொண்டேன். புழுக்கம் என்று சொன்னேன். மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. செல்வக்கனி போர்வையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எம்மேல ஏதும் கோவமா?"

"இல்ல கனி. புழுக்கம்."

"ம்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 22, சனி

பாப்பாவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது செல்வக்கனிதான் பார்த்தாள். இடது தொடையின் உள்பக்கம் ஒரு வட்டம். ஓரம் சிவந்து தடித்து, நடு வெளுத்து, அச்சடித்த மாதிரி. குழந்தை அதையே கையால் தேய்த்துத் தேய்த்து அழுகிறாள்.

"அம்மா, படர்தாமரை மாதிரி இருக்கும்மா."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பச்சப் புள்ளைக்கு எங்கிட்டிருந்துடி படர்தாமர வரும்? அது ஒட்டுவாரொட்டி. ஒட்டணும்னா வீட்ல ஒருத்தருக்கு இருக்கணும்ல? ஒனக்கு இருக்கா? எனக்கு இருக்கா?"

செல்வக்கனி இல்லை என்று தலையாட்டினாள். அத்தை என்னோடு நேருக்கு நேர் பேச மாட்டார். மகளைப் பார்த்துக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு ஏதும் இருக்கா?"

செல்வக்கனி என்னைப் பார்த்தாள்.

"எனக்கென்ன, ஒண்ணுமில்லையே" என்றேன். தட்டில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

மாமா கை கழுவக்கூட இல்லை, எழுந்து வெளியே போய்விட்டார். கடை திறக்க நேரமாகிவிட்டதாம்.

"அப்ப இது காணாக்கடி" என்று அத்தை முடித்தார். கடித்தது பூரானா, சிலந்தியா என்று கண்ணால் காணாததால் காணாக்கடி. அதற்கு ஊசி மருந்து ஆகாதாம். மந்திரித்துப் பார்வைதான் பார்க்க வேண்டுமாம். செல்வக்கனி ஒரு எட்டு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றாள். ஊசி போட்டால் விஷம் உள்ளே இறங்கிவிடும் என்றார் அத்தை. பேச்சு அதோடு நின்றது.

பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அவள் தொடை என் இடுப்பில் எங்கே படிகிறது என்று எனக்குத் தெரிந்தது. கீழே இறக்கிவிட்டேன். தூக்கச் சொல்லிக் கையை நீட்டி அழுதாள்.

நவம்பர் 25, செவ்வாய்

பார்வை பார்க்கிற சங்கிலி ஐயா வந்தார். மெலிந்த, சாதுவான மனிதர். காசு வாங்க மாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும். வேப்பிலையால் தொடையை மூன்று முறை தடவி, வாய்க்குள் ஏதோ சொல்லி, வாசலில் போய் உதறினார். குழந்தை மேல் அவருக்கு உண்மையிலேயே பிரியம்தான்.

பிறகு பத்தியம் சொன்னார். குழந்தை தாய்ப்பால் குடிப்பதால் பத்தியம் தாய்க்கு. உப்பு, புளி, எண்ணெய், காரம் ஆகாது. மூன்று செவ்வாய் முடியும் வரை தாயும் பிள்ளையும் பின்கட்டு அறையைத் தாண்டக்கூடாது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆண்பிள்ளை நிழல் படக்கூடாது.

கதவைச் சாத்தினார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

ஊருக்கெல்லாம் உப்பும் காரமும் போட்டுக் கொடுக்கிற வீட்டில், செல்வக்கனி உப்பில்லாத கஞ்சி குடிக்கிறாள். உப்பில்லாத இட்லி. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அத்தை தட்டை வாங்கி வரும்போது பார்த்தேன், பாதி அப்படியே இருக்கிறது.

கடையில் இரண்டு கிலோ சேவுக்கு மூன்று கிலோ நிறுத்துப் போட்டேன். மாமா அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவரும் இப்போது சரியில்லை. நாற்காலியில் நுனியில் உட்காருகிறார், எழுகிறார், நடக்கிறார். மர ஸ்கேலை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னவோ செய்கிறார். பேத்தி நினைப்பு போலும்.

டிசம்பர் 2, செவ்வாய்

இரண்டாவது பார்வை. நான் தெருவில் நின்றேன். சங்கிலி ஐயா வெளியே வரும்போது முகம் சரியில்லை.

"வட்டம் பெருசாயிருக்கு. பக்கத்துல ரெண்டு குட்டி போட்டுருக்கு. விஷம் கடுசு" என்று மாமாவிடம் சொன்னார்.

சொல்லிவிடலாம் என்று வாசல் வரை வந்தேன். 'ஐயா, விஷம் நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பித் தெருவுக்கே போனேன். சொன்னால் வெட்கக்கேடு. அந்தக் கோவில்பட்டிக்காரனின் சிரிப்பு ஒவ்வொருவர் முகத்திலும் வந்து உட்காருவதைக் கற்பனை செய்து பார்த்தேன். கடையை விட்டு அனுப்பினால் நான் எங்கே போவேன்? முத்துவிஜயனுக்காவது போக ஒரு சொந்த வீடு இருந்தது.

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அரிப்பைச் சொல்லவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

அத்தை கோயிலுக்குப் போன நேரம், பின்கட்டு ஜன்னல் பக்கம் போனேன். கடையிலிருந்து ஒரு பொட்டலம் காராச்சேவு எடுத்துப் போயிருந்தேன். அவளுக்குப் பூண்டு போட்டது பிடிக்கும்.

செல்வக்கனி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. குளிக்காத குழந்தையின் புளித்த பால் வாடை. பாப்பா என்னைப் பார்த்ததும் எட்டினாள். நான் ஒரு அடி பின்னால் போனேன். செல்வக்கனி அதைக் கவனித்தாள்.

"நெழலு படக்கூடாதுன்னுதான?" என்று அவளே எனக்கு ஒரு காரணமும் கொடுத்தாள்.

"இந்தா, ரெண்டு வாய் போட்டுக்க. யாருக்கும் தெரியாது."

பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாங்க. நான் தின்னு, அவளுக்கு ஆறாமப் போச்சுன்னா? பால் வேற கொறஞ்சுபோச்சு. அம்மாட்ட சொல்லல."

"கனி..."

"சொல்லுங்க."

மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாடியில் துணியே இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். நாளை மூன்றாவது பார்வையிலும் விஷம் இறங்கவில்லை என்றால், மஞ்சள் கொம்பைச் சுட்டு வட்டத்தைச் சுற்றிச் சூடு வைப்பார்களாம். "ஒரு நொடிதான். சுள்ளுன்னு. அப்புறம் விஷம் தாண்டாது."

இன்று சாப்பிடவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பார்வைக்காகப் பின்கட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, செல்வக்கனி மடியில் பாப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சங்கிலி ஐயா தொடையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அத்தை விளக்கை நகர்த்தி வைத்தார். ஐயா மஞ்சள் கொம்பின் நுனியைச் சுடரில் காட்டினார். அது கருகி, பின் கனிந்து சிவந்தது. மஞ்சள் கருகும் வாசனை வாசலில் மாமாவோடு நின்ற எனக்கு வந்தது.

"கால நல்லா புடிச்சுக்கம்மா" என்றார் ஐயா.

செல்வக்கனி பிடித்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்தாள்.

நான் உள்ளே போனேன். நிழல் படும், நிழல் படும் என்று அத்தை பதறினார். பனியனைக் கழற்றி எறிந்தேன். கைலியை ஒரு சாண் இறக்கிக் கட்டிக்கொண்டு ஐயாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"மொதல்ல எனக்கு வைங்க சூடு."

என் இடுப்பு, வயிறு, முதுகு எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்ததை விளக்கு நன்றாகவே காட்டியது.

"புள்ளைய ஒண்ணும் கடிக்கலய்யா. நான் தூக்கி வச்சதுல ஒட்டுனது. எனக்குத் தீவாளிலருந்து இருக்கு. யாருகிட்டயும் போகல, எந்தத் தப்பும் பண்ணல. வெக்கத்துல சொல்லல. நடந்தது இதுதான்."

சங்கிலி ஐயா மஞ்சள் கொம்பை மெதுவாகச் செம்புத் தண்ணீரில் விட்டார். சுர்ரென்றது. "இது எங்கிட்ட வர வேண்டியதே இல்ல. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க. மொதல்லயே சொல்லியிருக்கலாம் தம்பி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அத்தை என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை, "தூ." அவ்வளவுதான். அது வார்த்தையா என்று தெரியவில்லை.

நான் மாமாவைப் பார்த்தேன். கடையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கே கார் சொல்றேன். விருதுநகர்ல தோல் டாக்டர் இருக்காக. எல்லாரும் போவோம்" என்றார். போகும்போது 'எல்லாரும்' என்று இன்னொரு முறை சொன்னார்.

செல்வக்கனி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஜன்னலுக்கு வந்தீகல்ல. அன்னைக்கு இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அந்தச் சேவத் தின்னுருப்பனே" என்றாள்.

டிசம்பர் 10, புதன்

டாக்டரம்மா பாப்பாவின் தொடையைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். "வட்டமா, ஓரம் தடிச்சு, நடுவுல ஆறுன மாதிரி வெளிய வெளிய நகர்ந்தா படர்தாமரைதான். இதுக்கா மூணு வாரம்?" மழுங்கிய பிளேடால் ஓரத்துச் செதிலைக் கண்ணாடித் துண்டில் சுரண்டி எடுத்துக்கொண்டார்.

என்னுடையதைப் பார்த்ததும்தான் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஏன் இப்படிக் கொழம்பிக் கெடக்கு? என்ன போட்டீங்க?"

ட்யூபைக் கொடுத்தேன். கிட்டத்தட்ட எறிந்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. செவப்பையும் அரிப்பையும் அமுக்கும், பூஞ்சை உள்ள ஜாலியா வளரும். அடையாளமும் அழிஞ்சுரும், நோயும் போகாது." வெளியே எங்கும் போனீர்களா என்று அவர் கேட்கவில்லை. துணியை எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டார்.

சொன்னேன். மாடிப்படி, கம்பி, போர்வை.

"ஈரத்துணி, இருட்டு, எல்லாருதும் ஒண்ணா. இதவிட நல்ல எடம் அதுக்கு எங்க கெடைக்கும்? வெயில்ல போடுங்க. ஆளுக்கொரு துண்டு. சரி, வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாமா எழுந்தார். குடோனுக்குப் போகிற அதே நடையில் திரைக்குப் பின்னால் போனார். டாக்டரம்மாவின் குரல் மட்டும் வெளியே கேட்டது.

"எத்தன மாசமா இருக்கு பெரியவரே? ஆடியிலருந்தா? பவுடர் போட்டா போயிருமா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பவுடர் வாசனையும், மர ஸ்கேலும், அந்தத் தீபாவளித் துண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கோபம் வரவில்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான் அடைபட்டுக் கிடப்பதாக நினைத்திருந்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

நல்ல வெயில். மாடிக்குப் போய் என் ஜட்டிகளை எல்லாம் கொடியில் வரிசையாகப் போட்டு, கிளிப் மாட்டினேன். பஜார் முழுக்கத் தெரிந்தது. தெரியட்டும்.

படியில் மூச்சு வாங்கும் சத்தம். மாமா ஒரு வாளியோடு வந்தார். உள்ளே அவருடைய பட்டாபட்டி டிராயர்கள். என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். கீழே பூக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "என்ன அண்ணாச்சி, கொடியேத்தமா?" என்றார்.

"ஒம்ம சோலியப் பாரும்வே" என்றார் மாமா. பிறகு என்னிடம், "முத்துவிஜயன் வீடு ஒங்களுக்குத் தெரியும்ல மாப்ள? நான் போனா வர மாட்டான். நீங்க போயிக் கூப்பிடுங்க" என்றார்.

போனேன். அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் என் சாப்பாடு மட்டும் தனி. செல்வக்கனி மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு, எனக்கு ஒரு சின்னச் சட்டியிலிருந்து ஊற்றுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இப்படித்தான். உப்பும் இல்லை, புளியும் இல்லை. டாக்டரம்மா பத்தியம் எதுவும் சொல்லவில்லை. தட்டை வழித்துச் சாப்பிடுகிறேன்.

டிசம்பர் 18, வியாழன்

முத்துவிஜயன் வேலைக்கு வந்துவிட்டார். மாமா அவருக்கு எழுந்து நின்று டீ கொடுத்தார். நான் சாப்பிடுவது இன்றும் தனிச் சட்டி.

டிசம்பர் 23, செவ்வாய்

பாப்பாவின் தொடையில் வட்டம் மங்கி, லேசான கறை மட்டும் நிற்கிறது. எனக்கு இன்னும் பல வாரம் மாத்திரை உண்டு. சட்டை போட்டுக்கொண்டு தூக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தூக்கினேன். முகத்தைப் பிறாண்டினாள்.

பாயை உள்ளே கொண்டுவந்து ஒரு ஓரமாகப் போட்டேன். செல்வக்கனி பார்த்தாள். "புழுக்கம் போயிருச்சாக்கும்" என்றாள்.

மத்தியானம் ரசத்தில் உப்பு இருந்தது. கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கி ஊற்றிக்கொண்டேன்.